இருநூறு அடிக்குள் யார் அடுப்பு மூட்டலாம்?

சிகாகோவில் உணவு வண்டி வைத்திருப்பவர் அதை நிறுத்தும் முன் சுற்றுமுற்றும் பார்த்தாக வேண்டும். தரைத்தளத்தில் இயங்கும் எந்த உணவகத்தின் முதன்மை வாசலிலிருந்தும் 200 அடிக்குள் நின்று விற்றால் 1,000 முதல் 2,000 டாலர் வரை அபராதம். ஒரே இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிய, ஒவ்வொன்றிலும் ஜிபிஎஸ் கருவி பொருத்தியிருக்க வேண்டும். 2012 ஜூலையில் நகர மன்றம் நிறைவேற்றிய விதிகள் இவை. வண்டிக்குள்ளேயே சமைக்கலாம் என்று அனுமதித்ததும் இதே சட்டம்தான். அதுவரை வேறெங்கோ சமைத்துப் பொட்டலம் கட்டிய உணவை மட்டுமே வண்டியில் வைத்து விற்க முடிந்தது. ஒரு கையால் அடுப்பைக் கொடுத்து, மறு கையால் அதை மூட்டும் இடத்தைப் பறித்துக்கொண்ட சட்டம் என்று வண்டிக்காரர்கள் அதைப் பார்த்தார்கள்.

கப்கேக் விற்ற ஒரு வண்டியின் நிறுவனம் அந்த ஆண்டே வழக்குப் போட்டது. ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் நடந்த வழக்கில் 2019 மே மாதம் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் நகர நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. உணவகங்கள் சொத்து வரி கட்டுகின்றன, வட்டாரத்துக்கு நிலைத்தன்மை தருகின்றன. அவற்றின் நலனையும் வண்டிகளின் நலனையும் சீர்தூக்கி விதி செய்ய நகரத்துக்கு அதிகாரம் உண்டு என்றது நீதிமன்றம். அதற்கு 40 ஆண்டுகள் முன்பு, 1979இல், கலிஃபோர்னியாவில் இதே கேள்வி எழுந்தது. உணவகத்திலிருந்து 100 அடிக்குள் வண்டி விற்கக் கூடாது என்ற லாஸ் ஏஞ்சலஸ் விதியை அங்குள்ள நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. ஒரு வியாபாரியை இன்னொரு வியாபாரியிடமிருந்து காப்பது அரசின் காவல் அதிகாரத்துக்குள் வராது என்ற பார்வை அன்று வென்றது. ஒரே நாடு, ஒரே வழக்கு, இரண்டு விடைகள்.

வண்டிக்கும் கடைக்கும் இடையிலான இந்தச் சண்டையைச் சாப்பாட்டுச் சண்டையாகவே பலரும் பார்க்கிறார்கள். எது ருசி, எது மலிவு, எது சுத்தம் என்று பேச்சு போகிறது. நான் இதைப் பொதுச் சாலையை யார், எந்த நேரத்தில், என்ன விலை கொடுத்துப் பயன்படுத்தலாம் என்ற கேள்வியாகப் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால் உணவகக்காரரின் குறையில் பாதிக்கு மேல் நியாயமானது. அந்தக் குறைக்கு அவர் கேட்கும் மருந்தான தூர விதியோ ஏறக்குறைய எப்போதுமே தவறானது.

தூர விதியின் அளவை முதலில் பார்ப்போம். 200 அடி என்பது நடந்தால் ஒரு நிமிடம்கூட ஆகாத தூரம். அதையே ஆரமாக வைத்து வட்டம் போட்டால் 1,25,000 சதுர அடிக்கு மேல், கிட்டத்தட்ட மூன்று ஏக்கர், விலக்கப்பட்ட நிலமாகிறது. அது ஓர் உணவகத்துக்கான வட்டம். அலுவலகங்கள் நெருங்கிய நகர மையத்தில் தெருவுக்குப் பல உணவகங்கள். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியப் படிய, மதியம் பசியோடு ஆட்கள் இறங்கிவரும் தெருக்களில் வண்டிக்கு இடமே இல்லாமல் போகும். டெக்சாஸின் எல் பாசோவில் இந்தத் தூரம் 1,000 அடியாக இருந்தது. ஓர் உணவகம் 72 ஏக்கரைக் காவல் காத்தது. அங்கே 2011 ஜனவரியில் வழக்கு வந்தது. ஏப்ரலில் நகரமே விதியைக் கைவிட்டது. கென்டக்கியின் லூயிவில் நகரம் தன் 150 அடி விதியை வழக்குக்குப் பிறகு விட்டுக்கொடுத்தது. பால்டிமோரில் விதி வேறு மாதிரி: அதே வகை உணவை முதன்மையாக விற்கும் கடையிலிருந்து 300 அடிக்குள் வண்டி நிற்கக் கூடாது. பீட்சா வண்டி ஒன்று அதை எதிர்த்து வழக்காடி, 2020இல் மேரிலாந்தின் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ‘அதே வகை’ என்பதை யார் தீர்மானிப்பது? பீட்சாவும் பாஸ்தாவும் சாலடும் விற்கும் கடை பீட்சாக் கடையா? அபராதச் சீட்டு எழுதும் அலுவலரின் மனத்தில் அந்த விடை இருக்கும் வரை வண்டிக்காரர் தினமும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் கடை போட வேண்டும்.

சக்கரத்தில் சமையல் என்பது அமெரிக்காவுக்குப் புதிதல்ல. ரோட் ஐலண்டின் பிராவிடென்ஸ் நகரில் 1872இல் வால்ட்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் சாண்ட்விச்சும் காப்பியும் வைத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்தின் எதிரே இரவில் நிற்கத் தொடங்கினார். அச்சகத் தொழிலாளரும் செய்தியாளர்களும் வேலை முடிந்து வரும் நேரத்தில் உணவகங்கள் மூடியிருக்கும். கடை இல்லாத நேரத்தில் வண்டி வந்தது. சண்டைக்கு வாய்ப்பே இல்லை. 20ஆம் நூற்றாண்டில் வண்டிகள் கட்டுமானப் பணியிடங்களுக்கும் தொழிற்சாலை வாயில்களுக்கும் போயின. அங்கேயும் பக்கத்தில் உணவகம் கிடையாது.

1974இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ரவுல் மார்ட்டினெஸ் பழைய ஐஸ்கிரீம் வண்டி ஒன்றை, மெக்சிகோ உணவான டாக்கோ விற்கும் வண்டியாக மாற்றினார். வியாபாரம் பிடித்துப்போய்ச் சில மாதங்களிலேயே கடையும் திறந்துவிட்டார். அதுதான் பின்னாளில் பல கிளைகளோடு வளர்ந்த ‘கிங் டாக்கோ’. வண்டியும் கடையும் இரண்டு சாதிகள் என்பதுபோலப் பேசுகிறவர்கள் இந்தக் கதையைக் கவனிக்க வேண்டும். இன்றைய வண்டிக்காரர் நாளைய கடைக்காரர். சிகாகோ வழக்கைத் தொடுத்த கப்கேக் வண்டிக்காரருக்கும் புறநகரில் ஒரு பேக்கரி இருந்தது.

2008 எல்லாவற்றையும் மாற்றியது. அந்த ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகம் டாக்கோ வண்டிகள் மணிக்கொரு முறை இடம் மாற வேண்டும், தவறினால் 1,000 டாலர் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று விதி கொண்டுவந்தது. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் உணவகக்காரர்களின் புகாரே காரணம். ‘கார்னே அசாடா குற்றமல்ல’ என்று வண்டியின் வாடிக்கையாளர்கள் எழுதி ஒட்டினார்கள். கார்னே அசாடா என்பது டாக்கோவில் வைக்கும் சுட்ட மாட்டிறைச்சி. ஆகஸ்டில் நீதிபதி ஒருவர் விதியைத் தள்ளினார். நவம்பரில் அதே ஊரில் ‘கோகி’ வண்டி தெருவில் இறங்கியது. கொரிய முறையில் ஊறவைத்துச் சுட்ட மாட்டு விலா இறைச்சியை மெக்சிகோ டாக்கோவுக்குள் வைத்து விற்றார்கள். அன்றிரவு எங்கே நிற்கப்போகிறோம் என்பதை ட்விட்டரில் சொன்னார்கள். வரிசைகள் தெருமுனையைத் தாண்டின. அதன் சமையல்காரர் ராய் சோயை 2010இல் ‘ஃபுட் அண்ட் ஒயின்’ இதழ் நாட்டின் சிறந்த புதிய சமையல் கலைஞர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. வண்டிக்கு அப்படியொரு மதிப்பு கிடைத்தது அதுவே முதல் முறை.

பொருளாதாரச் சரிவின் காலம் அது. கட்டுமான வேலை நின்றதால் தொழிலாளர்களுக்குச் சோறு விற்ற வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. பெரிய உணவகங்களில் வேலை இழந்த சமையல்காரர்கள் கையில் தொழில் இருந்தது, கடை போட முதல் இல்லை. இரண்டும் சேர்ந்தன. இம்முறை வண்டிகள் தொழிற்சாலை வாயிலுக்குப் போகவில்லை. அலுவலகத் தெருக்களுக்கு, உணவகங்களின் வாசலுக்கே வந்தன. சண்டை சூடானது அப்போதுதான்.

இனி உணவகக்காரர் சொல்வதைக் கேட்போம். அவர் பேச்சில் பொறாமை மட்டுமே இருப்பதாக நினைப்பது அநியாயம்.

அவர் ஐந்து அல்லது பத்து ஆண்டுக் குத்தகையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பல சமயம் தன் வீட்டையே ஈடாக வைத்திருப்பார். சொத்து வரி வாடகையோடு சேர்ந்து அவர் தலையில் விடியும். கழிப்பறை, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், தீயணைப்பு ஏற்பாடு, எண்ணெய்க் கழிவைப் பிரிக்கும் தொட்டி, எல்லாமே சட்டப்படி வேண்டும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பரிமாறுகிறவருக்குச் சம்பளம். அமெரிக்க உணவகத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: விற்கும் நூறு டாலரில் மூன்றில் ஒரு பங்கு சரக்குக்கு, மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்கு, மிச்சத்தில் பெரும்பகுதி வாடகைக்கும் மற்ற செலவுக்கும் போய், கையில் நிற்பது மூன்று முதல் ஐந்து டாலர்.

அலுவலகப் பகுதி உணவகத்துக்கு அந்த மூன்று, ஐந்து டாலரைத் தருவது மதிய வேளைதான். பன்னிரண்டு மணிக்கு மின்தூக்கிகளிலிருந்து கூட்டம் கொட்டும். ஒன்றரைக்கெல்லாம் தெரு காலியாகிவிடும். அந்தத் தொண்ணூறு நிமிடங்களுக்காகக் காலை ஏழு மணிக்கே வெங்காயம் நறுக்கத் தொடங்கியிருப்பார்கள். பதினொன்றே முக்காலுக்கு எதிர்ச் சாரியில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. பார்க்கிங் மீட்டரில் சில டாலரைப் போட்டுவிட்டு, பக்கவாட்டுப் பலகையை மேலே தூக்கிக் கம்பி முட்டுக்கொடுத்து, ஜெனரேட்டரைப் போடுகிறது. பத்துப் பேர் வரிசையில் நின்றாலே போதும், அந்த வரிசையே மேலும் ஆட்களை இழுக்கும். ஒன்று நாற்பதுக்கு வண்டி கிளம்பிவிடும். வரிசையில் நின்றவர்களில் சிலர் கழிப்பறைக்கு உணவகத்துக்குள்தான் வருவார்கள். அவர்கள் எறிந்த காகிதத் தட்டுகளை உணவகத்துப் பையன்தான் கூட்ட வேண்டும். மாலையில், மழையில், பனியில், ஆள் நடமாட்டமில்லாத ஞாயிற்றுக்கிழமையில் வண்டி வராது, கடை திறந்திருக்கும். ‘நல்ல நேரத்தை மட்டும் அவன் எடுத்துக்கொள்கிறான், கெட்ட நேரம் முழுவதும் என் பொறுப்பு’ என்பதுதான் அவர் குறையின் சாரம். அதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை.

வண்டிக்காரர் பக்கமும் கணக்கு இருக்கிறது. சாலையில் நிற்பதால் அவருக்குச் செலவே இல்லை என்பது கட்டுக்கதை. பல நகரங்களில் வீட்டுச் சமையலறையில் தயாரித்ததை விற்கக் கூடாது. உரிமம் பெற்ற பொதுச் சமையற்கூடத்தில் இடம் வாடகைக்கு எடுத்து, இரவில் வண்டியை அங்கேயே நிறுத்திக் கழுவ வேண்டும். வண்டிக்குள் பாத்திரம் கழுவத் தொட்டிகள், கை கழுவத் தனித் தொட்டி, சுத்த நீருக்கும் கழிவு நீருக்கும் தனித்தனிக் கலம், புகைபோக்கி, தீ அணைக்கும் அமைப்பு. அமெரிக்க வர்த்தக சபையின் அறக்கட்டளை 2018இல் 20 நகரங்களில் கணக்கெடுத்தது. வண்டியைத் தொடங்கி ஓராண்டு நடத்த ஓர் உரிமையாளர் சராசரியாக 45 அரசு நடைமுறைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. உரிமங்களுக்கும் சட்டக் கட்டாயங்களுக்கும் 28,276 டாலர் செலவானது. இத்தனைக்குப் பிறகும் அவருக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. மழை வந்தால் அன்றைய மாவு, அன்றைய இறைச்சி அப்படியே நிற்கும்.

வண்டிகள் வந்த பிறகு உணவகங்கள் மூடப்பட்டனவா? இந்த விவாதத்தில் எல்லாரும் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி இது. பெரும்பாலான நகர மன்றங்கள் இதைக் கேட்காமலே விதி போட்டன. ‘இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ்’ என்ற சட்ட அமைப்பு 2022இல் வெளியிட்ட ஆய்வு, மக்கள்தொகைக் கணக்குத் துறையின் பன்னிரண்டு ஆண்டுத் தொழில் புள்ளிவிவரத்தை மாவட்ட வாரியாக எடுத்துப் பார்த்தது. வண்டிகள் பெருகிய இடங்களில் அதைத் தொடர்ந்து உணவகங்கள் குறைந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. இரண்டும் ஒன்றாகவே வளர்ந்திருந்தன. சிகாகோவிலும் எல் பாசோவிலும் பால்டிமோரிலும் வண்டிக்காரர்களுக்காக வாதாடியது இதே அமைப்புதான் என்பதைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அதன் ஆய்வு மாவட்ட அளவில் சரியாகவே இருந்தாலும், ஒரு குறிப்பிட்ட தெருமுனையில் ஒரு குறிப்பிட்ட சாண்ட்விச் கடையின் மதிய வியாபாரம் குறையவில்லை என்று அது காட்டாது. மாவட்டச் சராசரியில் தெருவின் வலி மறைந்துவிடும்.

ஆனால் உணவகங்கள் வண்டி இல்லாத காலத்திலும் மூடப்பட்டுக்கொண்டேதான் இருந்தன. ஒஹையோவின் கொலம்பஸ் நகரில் 1990களின் பிற்பகுதியில் திறந்த உணவகங்களைத் தொடர்ந்து கவனித்து, பேராசிரியர் எச். ஜி. பார்சாவின் குழு 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. முதல் ஆண்டில் 26 சதவீதமும் மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 60 சதவீதமும் மூடப்பட்டிருந்தன. ட்விட்டர் பிறக்காத காலம் அது. வாடகை, பக்கத்து உணவகம், குடும்பச் சுமை, முதல் போதாமை எனக் காரணங்கள் வேறாக இருந்தன. கண்ணெதிரே நிற்கும் வண்டியைக் கை நீட்டிக் காட்டலாம். குத்தகை புதுப்பிக்கும்போது வாடகையை ஏற்றிய கட்டட உரிமையாளரை நகர மன்றத்தில் யாரும் கை நீட்டுவதில்லை.

தூர விதியைத் தவிர வேறு வழி கண்ட நகரங்கள் உண்டு. அவற்றில் எனக்கு நம்பிக்கை அதிகம். பாஸ்டன் நகரம் வண்டிகள் நிற்கும் இடங்களைத் தானே குறித்து, வேளை வாரியாகப் பிரித்து, குலுக்கல் மூலம் ஒதுக்கிக் கட்டணம் வாங்கியது. வாஷிங்டன் 2013இலிருந்து நகர மையத்தின் சில சதுக்கங்களை வண்டி மண்டலமாக்கி மாதந்தோறும் குலுக்கல் நடத்தத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டில் அங்கே இன்னொரு மாற்றமும் நடந்தது. அதுவரை வண்டிகள் ஆண்டுக்கு 1,500 டாலர் மொத்தமாகக் கட்டி விற்பனை வரியிலிருந்து தப்பின. உணவகங்கள் 10 சதவீதம் வசூலித்துக் கட்டின. 2012 அக்டோபரிலிருந்து வண்டிகளும் அதே 10 சதவீதம் கட்ட வேண்டியதாயிற்று. வரி சமமானதும் உணவகக்காரரின் குறையில் ஒரு பகுதி உண்மையிலேயே தீர்ந்தது. ஒரு குறைக்கு அதற்குரிய மருந்தைக் கொடுப்பது என்பது இதுதான். வரியில் அநீதி என்றால் வரியைத் திருத்த வேண்டும். குப்பை பிரச்சினை என்றால் தொட்டி வைக்கச் சொல்லி, வைக்காதவருக்கு அபராதம் போட வேண்டும். மீட்டர் கட்டணம் கடை வாடகைக்குப் பக்கத்தில்கூட வராது என்றால் வண்டி நிற்கும் இடத்துக்கு அதன் உண்மையான விலையை வாங்க வேண்டும். இவை அத்தனைக்கும் பதிலாக 200 அடியில் ஒரு கோடு கிழித்தால் எதுவும் தீராது. சாப்பிட வருகிறவரின் தேர்வு மட்டும் குறையும்.

ஆரெகனின் போர்ட்லாந்து சாலையையே விட்டு விலகியது. அங்கே வண்டிகள் தனியார் வாகன நிறுத்தத் திடல்களில் கூட்டமாக நிற்கின்றன. திடல் உரிமையாளருக்கு வாடகை, நடுவில் பொதுவான மேசைகள், சில இடங்களில் கழிப்பறை. சாலைச் சண்டை பெருமளவு இல்லாமல் போனது. அதோடு வேறொன்றும் வந்தது. ஆல்டர் தெருவில் ஒரு பிளாக் முழுக்க நின்ற புகழ்பெற்ற வண்டித் திடல் 2019இல் காலிசெய்யப்பட்டு, அங்கே சொகுசு ஓட்டலோடு கூடிய மாடக் கோபுரம் எழுந்தது. நிலத்தின் மதிப்பு ஏற வண்டிகளும் ஒரு காரணம். ஏறிய பிறகு அவற்றுக்கு அங்கே இடமில்லை. உணவகக்காரருக்கு நடந்ததே வண்டிக்காரருக்கும் நடந்தது, அதே கைகளால்.

நியூயார்க் பாடம் இன்னும் கசப்பானது. உணவு விற்கும் வண்டிகளுக்கான அனுமதிச் சீட்டுகளை அந்த நகரம் 1983 முதல் ஏறக்குறைய 3,000 என்று கட்டிப்போட்டது. இரண்டு ஆண்டுக்கு 200 டாலர் கட்டணமுள்ள சீட்டு, கள்ளச் சந்தையில் 20,000 டாலரைத் தாண்டி வாடகைக்குப் போனது. சீட்டு வைத்திருப்பவர் வீட்டில் இருப்பார். வெயிலிலும் பனியிலும் நிற்கிற புலம்பெயர்ந்தவர் அவருக்குக் கப்பம் கட்டுவார். எண்ணிக்கைக்குத் தடை போட்டால் வண்டி குறையாது, தரகர் பிறப்பார். 2021இல் புதுச் சட்டம் வந்தது: பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 445 புதிய உரிமங்கள், உரிமம் பெற்றவர் வண்டியில் தானே நிற்க வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனைதான் சட்டத்தின் உயிர்.

அந்நகரத்தில் நமக்கு அறிமுகமான வண்டி ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து போன திருக்குமார் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் ஓரத்தில் 2001இல் தொடங்கிய ‘என்.ஒய். தோசா’ தள்ளுவண்டி. பக்கத்திலேயே பல்கலைக்கழகம். மாணவர்கள் நெடுவரிசையில் நிற்க, சூடான கல்லில் ஒரே ஆள் ஊற்றிப் புரட்டி மடித்துக் கொடுப்பார். பாண்டிச்சேரி தோசை அங்கே பேர்போனது. தெரு உணவுக்கான வெண்டி விருதை 2007இல் வென்றார். இறைச்சியும் பாலும் இல்லாத மலிவான சூடான சாப்பாடு அந்த மூலையில் வேறு யாரும் தராதது. அந்த வண்டியால் அப்பகுதியின் எந்த உணவகத்துக்கு நட்டம் வந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வண்டிகளில் கணிசமானவை இப்படிப்பட்டவை. கடையில் இல்லாததை, கடைக்குள் போகாதவருக்கு விற்கின்றன.

2020 இந்த விவாதத்தின் தளத்தையே புரட்டியது. பெருந்தொற்றில் உள்ளே உட்கார வைக்க முடியாமல் உணவகங்கள் சாகக் கிடந்தபோது, நியூயார்க் ஜூன் மாதத்தில் நடைபாதையையும் சாலையோர நிறுத்தங்களையும் அவற்றுக்குத் திறந்துவிட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உணவகங்கள் மரத்தடுப்பு அடித்து, கூரை போட்டு, சாலையில் மேசை போட்டன. வாடகை இல்லை. சரியான முடிவு, பல ஆயிரம் வேலைகளைக் காத்தது. ஆனால் பொதுச் சாலையை இலவசமாகப் பயன்படுத்தி வியாபாரம் செய்கிறார்கள் என்ற புகாரை வண்டிகளுக்கு எதிராக இனிமேல் பழைய வேகத்தில் சொல்ல முடியாது. 2024இல் அந்நகரம் சாலை மேசைகளுக்குக் கட்டணமும் பருவக் கெடுவும் வகுத்தது. சாலையின் ஓரம் பொதுச் சொத்து, அதற்கு விலையும் நேரமும் உண்டு, இரண்டும் எல்லாருக்கும் பொருந்தும் என்ற முடிவுக்கு அந்த நகரம் சுற்றி வந்து சேர்ந்திருக்கிறது. இதற்கிடையே செயலி வழி விநியோக நிறுவனங்கள் விலையில் 30 சதவீதம் வரை கமிஷன் கேட்டன. நகரங்கள் உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று. 3 முதல் 5 டாலர் மிஞ்சும் தொழிலில் 30 டாலரைக் கேட்கும் கை, எதிர்ச் சாரி வண்டியைவிட எத்தனையோ மடங்கு பலமானது.

நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டின் தெருக்களில் இந்தப் போட்டி அமெரிக்காவைவிடப் பழையது, ஆனால் நீதிமன்றத்துக்குப் போவது குறைவு. காரணம், தெருவே நேரத்தைப் பங்குபோட்டு வைத்திருக்கிறது. பகல் முழுக்க ஹார்டுவேர் கடை. ஷட்டர் இறங்கியதும் அதே வாசலில் இட்லி வண்டி. வீட்டில் அரைத்த மாவு, பித்தளை அண்டாவில் சாம்பார், வாளியில் தண்ணீர், தட்டின் மேல் ஓர் இலைத் துண்டு. பக்கத்து ஹோட்டலில் ஃபேமிலி ரூமும் ஏசியும் கேட்டுப் போகிறவர் இந்த வண்டிக்கு வரமாட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று நாலு இட்லி சாப்பிட்டுக் கை கழுவுகிறவர் ஹோட்டல் படி ஏறமாட்டார். இருவர் வாடிக்கையும் ஒன்றோடொன்று உரசுவது பரோட்டாவிலும் பிரியாணியிலும்தான். ஹோட்டலில் வேலை பார்த்த பரோட்டா மாஸ்டர் கணக்குத் தீர்த்துக்கொண்டு நாலு கடை தள்ளித் தானே கல் போடும்போது முதலாளிக்கு வரும் கோபம் இருக்கிறதே, அதில் வாடிக்கையும் போகிறது, கையாளும் போகிறார்.

ஹோட்டல்காரரின் குறைகள் இங்கேயும் கணக்குப் பார்த்தவை. அவர் 5 சதவீத ஜிஎஸ்டி வசூலித்துக் கட்டுகிறார், கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. 19 கிலோ வணிக சிலிண்டரைத்தான் அவர் வாங்க வேண்டும். சில வண்டிகளில் வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டர் எரிகிறது. உணவுப் பாதுகாப்புத் துறையின் 2011 விதிகள் 12 லட்சம் ரூபாய் விற்றுமுதலுக்குள் இருப்பவருக்கு ஆண்டுக்கு 100 ரூபாயில் எளிய பதிவு வைத்தன. அதைக்கூடச் செய்யாத வண்டிகள் உண்டு. வண்டிக்காரர் கேட்டால் வேறொன்று சொல்வார். அவர் தினமும் கொடுக்கும் மாமூல் எந்த நகராட்சியின் வரவிலும் ஏறுவதில்லை. ரசீதோடு வாங்கினால் அதைவிடக் குறைவாகவே இருக்கும், கொடுக்கத் தயார் என்பார். நான் அதை நம்புகிறேன்.

சட்டத்தில் நாம் அமெரிக்க நகரங்களைவிட முன்னே இருக்கிறோம். தெருவில் வியாபாரம் செய்வது அரசமைப்பின் 19ஆம் பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும், ஆனால் இன்ன இடத்தில்தான் நிற்பேன் என்ற உரிமை இல்லை என்று 1989இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014இல் நாடாளுமன்றம் இயற்றிய சாலையோர வியாபாரிகள் சட்டம் அதை நிறுவனமாக்கியது. ஊர்தோறும் நகர விற்பனைக் குழு. அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரையிலான வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம். உணவகத்திலிருந்து இத்தனை அடி என்ற பேச்சே அதில் இல்லை. நெரிசல், நடைபாதை, சுகாதாரம் பற்றித்தான் சட்டம் கவலைப்படுகிறது. ஒரு வியாபாரியின் கல்லாவை இன்னொருவரிடமிருந்து காப்பதைப் பற்றி அல்ல. 1979இல் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் சொன்ன நியாயத்தின் பக்கம் நம் நாடாளுமன்றம் நின்றிருக்கிறது.

சட்டத்தின் 5ஆம் பிரிவை ஹோட்டல்காரர்கள் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். சான்றிதழ் கேட்பவர் தானோ தன் குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்வோம், வேறு பிழைப்பு இல்லை, சான்றிதழை யாருக்கும் வாடகைக்கு விடமாட்டோம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். நியூயார்க் முப்பத்தெட்டு ஆண்டுகள் தரகர்களிடம் சிக்கித் தவித்துக் கற்றதை நம் சட்டம் தொடக்கத்திலேயே வைத்திருக்கிறது. அப்படியானால் சென்னையின் ஓஎம்ஆர், ஈசிஆர் ஓரங்களில் இன்று நிற்கும் வேன்கள் எங்கே சேரும்? லட்சக்கணக்கில் முதல் போட்டு, வண்ண விளக்கும் மெனுப் பலகையும் மாட்டி, சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் மோட்டார் வண்டி இந்தச் சான்றிதழின் நிழலில் ஒதுங்க முடியாது, ஒதுங்கவும் கூடாது. அது அண்டா வைத்து இட்லி விற்கும் பெண்ணுக்காக எழுதப்பட்டது. முதலீட்டோடு வரும் வேன்களுக்குத் தனி வகை வேண்டும்: குறித்த திடல், குறித்த நேரம், ஏலத்தில் அல்லது குலுக்கலில் இடம், சந்தை விலையில் கட்டணம், ஹோட்டலுக்கு உள்ள அதே வரி. அந்தக் கட்டணத்தில் திடலுக்கு ஒரு குழாய், ஒரு கழிப்பறை, எண்ணெய் ஊற்றத் தனித் தொட்டி.

இதைக் கேட்க ஹோட்டல்காரர்களுக்கு இடமும் இருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் வணிகர் சங்கங்களுக்கு உறுப்பினர் பதவி வைத்திருப்பதும் அதே 2014 சட்டம்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்து வண்டியை என் வாசலிலிருந்து தள்ளு என்று கேட்பதைவிட, பக்கத்தில் நிற்கும் வேன் என்ன கட்டணம் கட்டுகிறது, தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறது, பதிவு எண் என்ன, அடுத்த கணக்கெடுப்பு எப்போது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய அலுவலர் எதிரிலேயே இருப்பார்.